பச்சை ஸ்வெட்டர் பெண் கொடுத்த தாள்

செல்வி,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது அறையில் வேறு யாராவது இருந்தால் மடித்து வைத்துவிடு. தனியாக இருக்கும்போது படி. படித்து முடித்ததும் கிழித்துவிடு. பெட்டியில் போட்டு அந்த நாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதே. இந்தக் காலத்தில் பெங்களூர் பயிற்சி முகாமுக்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிற ஒரே அம்மா நீதான் என்று சிரிப்பாய். ஃபோனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியிலேயே "சரி, சாப்ட்டியா?" என்று நழுவிவிடுவேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நழுவிக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்டின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயந்தவளிடம் காரணம் கேட்டால் அவள் எதைச் சொல்வாள்?

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாய். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டில் வந்து சாப்பிடுகிறார் என்றால் அது உனக்காக மட்டும்தான். மட்டன் குழம்பைப் பிசைந்துகொண்டே நீ ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். "முதல் நாள் பிரஸ் மீட்ல டீமுக்கு ஒருத்தர் பேசணும்ப்பா. நான் பேசறேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பச்சை ஸ்வெட்டர் பொண்ணு எங்கன்னு கேக்கப் போறேன்." அப்பாவுக்கு யாரென்று புரியவில்லை. பதினான்கு வயதில், இப்போது டீமோடு ஆடப்போகிற அதே நாட்டில், சிறுமியருக்கான செஸ் போட்டிக்குப் போனபோது உன்னோடு ஆறாவது ரவுண்டு ஆடியவள் என்று நீ விளக்கினாய். அந்தப் போட்டிக்குப் பிறகு அவள் உலகத்தில் எங்கேயுமே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ரேட்டிங் பட்டியலில் அவள் பெயர் அப்படியே செத்துக் கிடக்கிறது என்றாய். தயிர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். மேஜையில் தயிர் இருந்தது. நீ அதைக் கையில் தூக்கிக் காட்டிச் சிரித்தாய்.

அப்பா சிரிக்கவில்லை. "ஏட்டி, ஆடப் போனமா, ஆடுனமா, வந்தமான்னு இரு. நாம யாவாரிங்க. ஊரு ராசாவப் பத்தி நமக்கு என்னட்டி பேச்சு?" என்றார். "விளையாட்டுல அரசியல் வேண்டாம்மா" என்று நானும் பின்பாட்டுப் பாடினேன். நீ என் பக்கம் திரும்பினாய். "அரசியல் வேண்டாம்னு எங்ககிட்ட சொல்றவங்க எல்லாம் தொடக்க விழால அந்த ஊர் மந்திரி பக்கத்துல முதல் வரிசைல உக்காந்திருப்பாங்கம்மா. அது மட்டும் என்ன, விளையாட்டா?" போட்டி நடக்கும் நாட்டைப் பற்றியும் அதன் ஆட்சியைப் பற்றியும் எதுவும் பேசமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டு உங்கள் மேலாளர் அனுப்பிய தாளை, படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. நீ போட மாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும். பிடிவாதத்தில் நீ என் மாமியாரைக் கொண்டிருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். உண்மையில் அது யாரிடமிருந்தும் வந்ததில்லை, உன்னுடையதுதான்.

நீ போன பிறகு கலாவிடம் சொல்லிப் புலம்பினேன். நம் வீட்டில் வேலை செய்கிறாளே, அந்தக் கலா. ஆற்றோரத்தில் இருந்தவரை அபிராமபுரத்துக்கு நடந்தே வருவாள். குடிசையைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பியதிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். "இன்னாக்கா, ஒன் பொண்ணு கேட்டா இன்னா தப்பு கீது?" என்றாள். "நம்மூர்ல வெளிநாட்டுக்காரன் வந்து ஆடுனானே, அப்ப எங்க தெரு முன்னாடி தகரம் நட்டுட்டான். நாங்க அவன் கண்ணுல படக்கூடாதாம். ஒருத்தன் கேக்கலியே. ஒன்னாண்ட வந்து சொன்னேன், நீ காபி குடுத்த." ஆமாம், கொடுத்தேன். அந்த வாரம் உன் ஆட்டத்தைப் பார்க்க அனுமதிச் சீட்டுக்காக அலைந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் இந்தக் கதையைப் பேசியதற்காக யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பது ஒரு வித்தியாசம். நீ போகிற இடத்தில் கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று நீதானே எனக்குப் படித்துக் காட்டினாய்?

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். எனக்குச் செஸ் ஆடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்குத் தாயம்தான் தெரியும். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடியில் உன் கோச் சொல்லிக்கொடுப்பார், நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். போட்டிகளில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாக்கள் நாங்கள் வரிசையாக, மடியில் பையும் காலடியில் ஃபிளாஸ்க்குமாக, பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்போம். ஆட்டம் முடிந்து நீ வெளியே வரும்போது உன் முகத்தைப் பார்க்கமாட்டேன், கையிலுள்ள தாளை வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு நகர்த்தலையும் நீ எழுதி வந்த அந்த ஸ்கோர் ஷீட்டின் கார்பன் காப்பி. சாயங்காலம் அதைப் பார்த்து ஒரு நீள நோட்டில் அழகாகப் பெயர்த்து எழுதுவேன். குதிரை எங்கே போனது, மந்திரி ஏன் செத்தது என்று ஒன்றும் தெரியாது. எழுதினால் நானும் உன்னோடு ஆடியது மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வராத எனக்கு அந்த எழுத்துகளும் எண்களும் மட்டும் தண்ணீர்பட்ட பாடாக வந்தன.

அந்த நாட்டில் ஆறாவது ரவுண்டு அன்று கடைசியில் நேரம் போதாமல் நீ கிறுக்கித் தள்ளியிருந்தாய். "என் ஷீட் எனக்கே புரியலம்மா. அவ தன்னோடத குடுத்துட்டா, பாத்து எழுதிக்கோ" என்று அந்தப் பெண்ணின் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாய். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதினேன். முத்து முத்தான எழுத்து. நாற்பத்தோராவது நகர்த்தல் வரை எழுதிவிட்டுப் பின்பக்கம் மீதி இருக்கிறதா என்று திருப்பினேன். பின்பக்கம் முழுக்க, பென்சிலில், பொடிப் பொடியாக இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்கோர் ஷீட்டில் ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்பது சட்டம். தி.நகரில் ஒரு போட்டியில், உள்ளங்கையில் எதையோ எழுதி வைத்திருந்த சிறுமியை ஏமாற்றுக்காரி என்று பாதி ஆட்டத்தில் வெளியேற்றியதை நீயும் நானும் பார்த்தோம். அது அவள் அம்மாவின் ஃபோன் நம்பர். அந்த அம்மா தாழ்வாரத்தில் எங்கள் எல்லோர் முன்பும் கூனிக் குறுகி நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தத் தாள் உன் கையில் இருந்தது என்று யாராவது சொன்னால்? நீ அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தாய்.

நம் குழுவுக்கு உதவிக்கென்று போட்டி நடத்தியவர்கள் ஒரு ஆளை நியமித்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? சிரித்த முகம், அரைகுறை இந்தி, உன் பையைத் தூக்கிக்கொண்டு வருவான், எனக்கு வெந்நீர் வாங்கித் தருவான். நீ அவனை மாமா என்றே கூப்பிட்டாய். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கீழே போய் அவனிடம் காட்டினேன். முந்திக்கொண்டு நாமே காட்டிவிட்டால் உன்மேல் பழி வராது என்பது என் புத்தி. செஸ் அம்மாக்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. "மை டாட்டர் நோ ரைட். அதர் கேர்ள் ரைட்" என்றேன். அவன் நின்றபடியே படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு முன்பக்கம் திருப்பி, மேலே எழுதியிருந்த அவள் பெயரைப் பார்த்தான். "குட் லக் சொல்லியிருக்கிறாள். நல்ல பெண்" என்று சிரித்துக்கொண்டே தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன், செல்வி.

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் செய்த தவறு என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. எனக்கு இங்கிலீஷ் வராதுதான், ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியும். அறையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியபோது மூன்று சொற்கள் புரிந்தன. பிரதர். போலீஸ். பிளீஸ். மூன்றாவது சொல் இரண்டு இடத்தில் இருந்தது. யாரோ ஒரு பெண் தன் அண்ணனையோ தம்பியையோ போலீஸ் கொண்டுபோய்விட்டதை, நீ வெளியிலிருந்து வந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக உன்னிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அந்த அளவுக்கு எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் அந்தத் தாள் நம் அறையில் இருக்கக்கூடாது என்று தோன்றியது. கிழித்துக் கழிப்பறையில் போட்டிருக்கலாம். அதற்கும் பயம், யாராவது பார்த்திருந்தால்? அதிகாரியிடம் கொடுத்துவிட்டால் நாம் நல்லவர்கள் ஆகிவிடுவோம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் அவள் ஆட வரவில்லை. அவள் நாற்காலி காலியாக இருக்க, எதிரே இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஆடாமலே ஒரு புள்ளி வாங்கிக்கொண்டு போனதாக நீ வந்து சொன்னாய். "அவளுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாய். "காய்ச்சலாம்" என்றேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானே சொன்னேன். முதல் இடத்தில் இருந்தவள் அவள். அவள் வராமல் போனதால் எல்லோரும் ஒரு படி ஏறினார்கள், நீயும் ஏறினாய். அப்பா இன்றைக்கும் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாரே, கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு நீ நிற்கும் படம், அதை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் கடைக்கு வருவதையே குறைத்துக்கொண்டதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள். கண் சரியில்லை என்று நீள நோட்டில் எழுதுவதை நிறுத்தினேனே, என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் எந்தப் போட்டியிலும் நான் மற்ற அம்மாக்களோடு உட்காரவில்லை. "ஏம்மா தனியா போய் உக்காந்திருக்க, சண்டையா?" என்று ஒருமுறை கேட்டாய். அதற்கும் ஏதோ ஒரு பொய் சொன்னேன், என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மூட நினைத்தேன், முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருந்தாள். அந்தத் தாழ்வாரத்தில் ஆறு நாளும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. நான் முறுக்கு கொடுத்தேன், உடைத்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் உலர்ந்த பழம் கொடுத்தாள். உள்ளே யாராவது தோற்று அழுதுகொண்டு வெளியே வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "த்சொ" என்போம். அதற்கு மட்டும் பாஷை தேவைப்படவில்லை. நான் தாளைக் கொடுத்த மறுநாள் அந்த அம்மா மட்டும் வந்தாள். கோட்டுப் பித்தான்களை மாற்றி மாட்டியிருந்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் போய் எதையோ கேட்டாள், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதை மொழிபெயர்க்க எனக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் அந்தச் சிரித்த முகக்காரன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் கையை உருவிக்கொண்டேன். குனிந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து, தாகமே இல்லாமல் வெந்நீரை மூடியில் ஊற்றினேன். நிமிர்ந்தபோது அவள் அடுத்த நாற்காலிக்குப் போயிருந்தாள்.

கேட்காதே என்று உன்னிடம் கெஞ்சத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று கபாலி கோயிலில் நின்றுகூட அதைத்தான் வேண்டினேன், இவள் வாயைக் கட்டு சாமி என்று. இப்போது இவ்வளவையும் எழுதிவிட்டு அந்தச் சொல்லை எந்தக் கையால் எழுதுவேன்? கேள் என்று சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை. பயப்படாதே என்றும் சொல்லமாட்டேன். தைரியசாலிகளைப் பற்றி ஊரில் பேசுவதெல்லாம் அவர்கள் திரும்பி வந்த பிறகுதான். நீ பயப்படு. தனியாக எங்கேயும் போகாதே. சிரித்துப் பேசி உன் பையைத் தூக்க வருகிறவனிடம் பையைக் கொடுக்காதே. உன் கையில் யாராவது ஒரு தாளைக் கொடுத்தால், முதலில் அதை நீயே படி. முடிந்தால் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து கிளம்புகிற நாளில் கேள். அது உன் அம்மாவின் யாவாரப் புத்தி சொல்கிற யோசனை. நீ தள்ளிவிடுவாய் என்று தெரியும்.

நீ கேட்பதாக இருந்தால் பாதியைத் தெரிந்துகொண்டு கேட்கக்கூடாது, அதனால்தான் எழுதினேன். அவளைக் காட்டிக்கொடுத்தது அந்த நாட்டுக்காரன் எவனும் இல்லை, நான். யாராவது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என் பெயரைச் சொல். கோபத்தில் என்னோடு பேசாமல் இருக்கவேண்டும் என்று தோன்றினால் இரு, நியாயம்தான். ஆனால் அந்த மேடையைவிட்டு இறங்கியதும் ஒரே ஒருமுறை ஃபோன் செய்து குரலைக் காட்டிவிடு. அது வராவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். அப்பா தடுத்தாலும் கிளம்பி வந்துவிடுவேன். அந்தத் தாழ்வாரத்தில் நாற்காலி நாற்காலியாகப் போய், அகப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு, என் பெண் எங்கே என்று தமிழில் கேட்பேன். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு நான் கேட்பது புரியும். புரிந்தும் அவர்கள் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

அம்மா